அண்ணனின் இன்னொரு பல் செட்

என் மேஜையின் கடைசி இழுப்பறையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. மூடியைத் திறந்தால் பிளாஸ்டரில் வார்த்த ஒரு மேலண்ண அச்சும், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பல் செட்டும் தெரியும். மேல்வரிசை மட்டும்தான். பதினான்கு பற்கள், ஒன்றுகூட வரிசை பிசகாமல், லேசான மஞ்சள் கலந்த வெள்ளையில். ஏதோ ஒரு தலைமை ஆசிரியருக்கோ பேங்க் மேனேஜருக்கோ செய்தது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அந்தப் பற்கள் ஒரு முறுக்கைக்கூடக் கடித்ததில்லை. மாட்டிப் பார்த்தது போக, ஒரே ஒரு காலைப்பொழுதில், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக, ஒரு மனிதரின் வாயில் இருந்தன. அவர் சினிமாவில் காமெடி நடிகர். அவருடைய எத்துப்பல்லைத் தெரியாத குழந்தை அந்தக் காலத்தில் கோயம்புத்தூரிலிருந்து உடுமலைப்பேட்டை வரைக்கும் கிடையாது.

அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பல் செட் செய்வது என் தொழில். கோயம்புத்தூர் ராமநாதபுரத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் உள்ள அறையில் முப்பது வருடமாக மெழுகும் பிளாஸ்டருமாக உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் வாயைப் பார்ப்பார், நான் அச்சைப் பார்ப்பேன். பெரும்பாலும் ஆளின் முகம்கூட எனக்குத் தெரியாது. அண்ணன் விஷயத்தில் அது தலைகீழ். முகத்தைத் திரையில் ஆயிரம் தடவை பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத்தான் அச்சைக் கையில் வாங்கினேன்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர் அவருக்கு. அவருடைய அய்யன், அப்பாவை அவர் அப்படித்தான் சொல்வார், மாடு வளர்த்தவர். ஆனைமலைப் பக்கம் ஒரு படப்பிடிப்பு நடந்தபோது, கூட்டத்தில் நிற்க ஆள் எடுத்த வண்டியில் இவரும் ஏறிப் போயிருக்கிறார். கதையில் ஒரு வேலையாள் ஓடி வந்து பண்ணையாரிடம், எருது செத்துப்போச்சுங்க என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் இவரைச் சொல்லச் சொன்னார்கள். அந்த வருடம்தான் இவர் வீட்டிலேயே ஒரு காளை நோய் வந்து செத்திருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சொல்லியிருக்கிறார். கேமராவுக்குப் பின்னால் ஒருவர் களுக்கென்றார். பிறகு எல்லோருமே சிரித்துவிட்டார்கள். அழும்போது மேலுதடு சுருண்டு, முன்னால் எத்திய நான்கு பற்களும் வெளியே வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது, நானே சொல்கிறேன். இயக்குநர் காட்சியை அப்படியே வைத்துக்கொண்டார். "நா நெசமாலுமே அழுதேனுங்க அம்மணி. அவுங்க சிரிச்சாங்க. அன்னிக்கே எனக்குப் பொழப்பும் கெடைச்சுது, கதவையும் சாத்திப்போட்டாங்க" என்று அண்ணன் பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அதற்கப்புறம் முப்பது வருடம் அவர் திரையில் செய்ததெல்லாம் அந்தப் பல்லை வைத்துத்தான். சோடா மூடியைக் கடித்துத் திறந்தார், கதாநாயகனைக் கட்டிய கயிற்றை அறுத்தார், கோபம் வந்தால் பல்லாலேயே பயமுறுத்தினார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு படத்தில் முழுத் தேங்காயைப் பல்லால் உரித்தார். அது முன்கூட்டியே உரித்து, மட்டையை லேசாக ஒட்டி வைத்த தேங்காய். சினிமாவில் அதைத்தான் செய்வார்கள். பார்த்த சனம் அப்படி நினைக்கவில்லை. இது தென்னைப் பிரதேசம். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நாலு தேங்காய் கிடக்கும். அண்ணன் எங்கே போனாலும், கடை திறப்பு விழாவோ, பள்ளி ஆண்டு விழாவோ, பேக்கரியில் டீ குடிக்க நின்றாலோ, யாராவது ஒருவர் தேங்காயோடு வந்துவிடுவார். "ஏனுங்ணா, கோவிச்சுக்காதீங்க, ஒருக்கா உரிச்சுக் காட்டுங்க, கொழந்தைங்க ஆசைப்படுதுங்க" என்பார். அதட்டிக் கேட்டிருந்தால் அண்ணன் முறைத்துவிட்டுப் போயிருப்பார். இத்தனை 'ங்க' போட்டுக் கேட்பவரிடம் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. சிரித்துக்கொண்டே வாங்கி, நிஜத் தேங்காயில் நிஜப் பல்லைப் பதிப்பார். மட்டையில் ஒரு நார் வந்தாலும் போதும், கூட்டம் விசிலடிக்கும்.

அவர் கிளினிக்குக்கு வந்த நாளில் வெளியே காத்திருந்தவர்கள் பல்வலியை மறந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகியதைக்கூட நடிப்பு என்று நினைத்து ஒரு அம்மா கைதட்டினார். டாக்டர் பார்த்துவிட்டு, "ஈறெல்லாம் போயிருச்சுங்க. மேல ஒரு பல்லும் நிக்காது. எதைக் கடிச்சீங்க இப்படி?" என்று கேட்டார். "தேங்காயுங்க" என்றார் அண்ணன். டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைக் கழுவினார்.

மேல்வரிசை மொத்தத்தையும் எடுத்துவிட்டு செட் வைக்க வேண்டும் என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஐம்பத்தைந்து வயது மனிதர். "அப்பொ நேராப் பல்லு வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார். வைக்கலாம், எப்படி வேண்டுமோ அப்படி வைக்கலாம் என்றார் டாக்டர். அண்ணன் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிடம் இருந்திருக்குமா, தெரியாது. "அடுத்தாப்பல மூணு படம் ஒத்துக்கிட்டிருக்கறேனுங்களே" என்றார். குரலே மாறிவிட்டது. கடைசியில் இரண்டு செட் செய்வது என்று முடிவாயிற்று. ஒன்று சினிமாவுக்கு, பழைய பல் போலவே. இன்னொன்று அவருக்கு.

எடுப்பதற்கு முன்பே பழைய பற்களின் அளவை எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு புண் ஆறியதும் வேலையை ஆரம்பித்தேன். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேர்ப்பல் செட்டை நான் இரண்டு நாளில் முடித்தேன். அது என்ன, ஊருக்கெல்லாம் செய்வதுதானே. எத்துப்பல் செட்டுக்குப் பத்து நாள் எடுத்துக்கொண்டேன். இடது பல் வலது பல்மேல் எவ்வளவு ஏறியிருக்க வேண்டும், எந்த முனையில் தேங்காய் நார் பட்டுத் தேய்ந்த கீறல், உதட்டை எங்கே தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். வாழ்நாள் முழுக்கக் கோணலை நேராக்கிய கை, அந்தப் பத்து நாள் கோணலை இழைத்தது. இன்றுவரை என் கையால் செய்த செட்டுகளில் அதுதான் முதல் தரம். அந்தக் கர்வம் எனக்கு இப்போதும் உண்டு, அதற்காக வெட்கமும் உண்டு.

மாட்டிப் பார்க்க வந்த அன்று முதலில் நேர்ப்பல்லைத்தான் கொடுத்தேன். கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். உதட்டை மூடினார், திறந்தார். உதடு மூடியது என்பதே அவருக்கு அதிசயம். "எங்கய்யனாட்டவே இருக்கறனுங்க" என்றார். அவருடைய அய்யனுக்கு நல்ல பல்லாம், எழுபது வயதிலும் கரும்பு கடிப்பாராம். அடுத்து எத்துப்பல் செட்டை மாட்டிவிட்டேன். அவர் நிமிர்ந்ததும் டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தார், நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அத்தனை அச்சாக இருந்தது. கண்ணாடி வழியாக அவர் என் சிரிப்பைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. "வேலை நெம்ப நல்லா இருக்குதுங்க அம்மணி" என்று மட்டும் சொன்னார்.

நேர்ப்பல்லை அவர் அப்போதே போட்டுக்கொள்ளவில்லை. நாலு மாதத்தில் மகளுக்குக் கல்யாணம், அன்றைக்குத்தான் போடுவது என்று புதுத்துணி எடுத்து வைப்பதுபோல டப்பாவில் வைத்துக் கொண்டுபோனார். அண்ணிக்கும் மகளுக்கும் மட்டும் விஷயம் தெரியும். பள்ளிக்கூடத்தில் மகளைப் பிள்ளைகள் மேலுதட்டைத் தூக்கிக் காட்டியே கூப்பிடுவார்களாம். ஒரு நாளாவது அப்பா அப்பாவாக மட்டும் வர வேண்டும் என்று அவளே கேட்டிருக்கிறாள்.

கல்யாணம் உடுமலைப்பேட்டையில், மாப்பிள்ளை ஊரில். எனக்கும் அழைப்பு இருந்தது, போயிருந்தேன். அண்ணன் பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக மண்டப வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். நேர்ப்பல். நிதானமான சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தவர்களெல்லாம் அவரைக் கும்பிட்டுவிட்டு, அவர் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "நடிகரு எங்கீங்க, இன்னும் வல்லீங்களா?" என்று அவரிடமே கேட்டார்கள். "நாந்தானுங்க" என்றால், யாரோ தமாஷ் பண்ணுகிறார் என்று சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். ஒரு பையனைத் தூக்கி வந்த பெரியம்மா, "இவரில்லடா கண்ணு, அவரு அப்பறம் வருவாரு" என்று சமாதானம் சொல்லிக் கூட்டிப்போனார். ஒன்றரை மணி நேரம் இப்படியே போயிற்று. நேரம் ஆக ஆகக் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. நடிகர் வீட்டுச் சம்பந்தம் என்று சொன்னது பொய்யோ என்றுகூட யாரோ பேசினார்கள்.

சம்பந்தி தென்னந்தோப்புக்காரர், தங்கமான மனிதர். இரண்டு செட் விஷயத்தை அன்று காலையில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த அவர்தான் அண்ணனை ஓரமாக அழைத்தார். நானும் அண்ணியும் பக்கத்திலேயே நின்றிருந்தோம். "சம்பந்தீங்க, நீங்க தப்பா நெனைக்கக் கூடாதுங்க. எங்க சனம் அத்தன தொலவுல இருந்து உங்களப் பாக்கோணும்னே வந்திருக்குதுங்க. உங்க பிரியம் எப்பிடியோ அப்பிடிச் செய்யுங்க. முடிஞ்சா ஒரே ஒருக்கா, அந்தப் பல்ல மாட்டிக்கிட்டு வந்தீங்கன்னா..." என்று சொல்லிக் கையைக் கூப்பினார். பெண்ணைக் கொடுக்கிற இடம். முகூர்த்த நேரம். கை கூப்பி நிற்கிறவர் மாப்பிள்ளையின் தகப்பனார். அண்ணன் தலையாட்டினார். எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, அந்த செட் கோயம்புத்தூரில் வீட்டில் இருக்கும் என்று. அண்ணி கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்து நீட்டினார். "எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டாந்தேன்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

அண்ணன் மணமகள் அறைக்குள் போய்ப் பல்லை மாற்றிக்கொண்டு வந்தார். மண்டபமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. தாரை வார்க்கும்போது மகளின் கையைப் பிடித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. உதடு சுருண்டு பற்கள் வெளியே வந்தன. எருது செத்த காட்சியில் எப்படியோ அப்படியே. கூட்டம் ஒரு கணம் பார்த்துவிட்டு, சிரித்தது. கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை, அவர் நமக்காக நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். மகள் மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை. அண்ணன் வழிகிற கண்ணீரோடு அந்தச் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவர் எத்துப்பல்லோடுதான் நிற்கிறார். நேர்ப்பல்லோடு ஒரு படம்கூட இல்லை, ஏனென்றால் போட்டோக்காரர் நடிகர் வரட்டும் என்று காத்திருந்தாராம்.

அதற்குப்பின் அவர் அந்த எத்துப்பல் செட்டைக் கழற்றுவது தூங்கும்போது மட்டும்தான் என்று ஆகிவிட்டது. பட வாய்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆனால் கடை திறப்புகள் இருந்தன, ஊர்த் திருவிழாக்கள் இருந்தன, தேங்காயோடு வருகிறவர்கள் இருந்தார்கள். செட்டில் தேங்காயைக் கடித்தால் இரண்டாக உடையும் என்று நான் எச்சரித்திருந்ததால், கடிப்பதுபோல பாவனை மட்டும் செய்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வருவார். பல் போன ஈறு அப்படியே இருக்காது, வருடா வருடம் தேய்ந்து உள்வாங்கும். அதற்கேற்ப செட்டின் அடியில் புது அக்ரிலிக் மாவு பூசி, அளவைத் திருத்திக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அச்செடுத்து, பூசி, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பேன். "சிக்குனு இருக்குதுங்க" என்பார். இப்படிப் பதினான்கு வருடம்.

ஒரு தடவை மெருகேற்றும் வரை என் அறையில் உட்கார்ந்திருந்தார். பல் இல்லாத வாயோடு பேசினால் அவர் பேச்சு குழந்தைப் பேச்சு மாதிரி இருக்கும். அப்போது மட்டும்தான் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராது. "அம்மணி, ஒரு காரியம் செய்வீங்களா? நா போறப்ப அந்த நேர்ப்பல்ல வெச்சு அனுப்பிப்போடுங்க. எங்கய்யனப் பாக்கப் போறப்பவாவது நா என்னாட்ட இருந்துக்கறேன்" என்றார். அப்படியெல்லாம் பேசாதீங்க என்றுதான் எல்லோரையும்போல நானும் ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. "வெக்கறேன்னு சொல்லுங்க" என்றார். "சரிங்ணா, நானே வந்து வெக்கறேன்" என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டு, கையில் இருந்த எத்துப்பல் செட்டைத் துடைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு வெளியே போனார். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் போன் செய்தாள். சாப்பிட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்றாள். "அக்கா, அப்பா உங்ககிட்டச் சொல்லியிருக்காருங்களாமே, சீக்கிரம் வாங்க." சிங்காநல்லூரில் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெருவே நிறைந்திருந்தது. டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள். பல் செட்டைக் கழற்றிவிட்டு அவரை உள்ளறையில் கிடத்தியிருந்தார்கள். கன்னம் ஒட்டி, வாய் குழிந்து, யாரோ ஒரு வயதானவர் மாதிரி இருந்தார். அண்ணி பீரோவில் நகைகளோடு வைத்திருந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தார். நேர்ப்பல் செட் செய்த அன்று இருந்தது போலவே பளபளவென்று இருந்தது. நனைத்து, துடைத்து, வாயில் வைத்தேன்.

நிற்கவில்லை. மறுபடி அழுத்தி வைத்தேன். ஒரு பக்கம் சரிந்து உதட்டுக்கு வெளியே வந்து விழுந்தது. மூன்றாவது தடவை வைக்கும்போது எனக்குக் காரணம் உறைத்தது. பதினான்கு வருடமாக அந்த ஈறு தேய்ந்து போயிருக்கிறது. தேயத் தேய நான் எத்துப்பல் செட்டை மட்டும் அதற்கேற்பத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். இருபத்தேழு, இருபத்தெட்டுத் தடவை. ஒரு தடவையாவது, அண்ணா, அந்த இன்னொன்றையும் கொண்டு வாங்க என்று நான் கேட்டதில்லை. அவருக்குத் தெரியாது, அவர் நடிகர். பல் செட் செய்கிறவள் நான். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். டப்பாவில் பத்திரமாக இருக்கிற பல், வாயில் பத்திரமாக இருக்கும் என்று நானும் நினைத்துவிட்டேன்.

"கிளினிக்குக்குக் கொண்டுபோய்ச் சரி பண்ணிக் கொண்டாந்துடறேன், கொஞ்சம் நேரம் கொடுங்க" என்றேன். வெளியே கதவைத் தட்டினார்கள். சனம் வெயிலில் நிற்கிறது, முகத்தைக் காட்டிவிடலாமே என்று சொந்தக்காரர் ஒருவர் பணிவாகவே கேட்டார். அண்ணி என் கையைப் பிடித்தார். "உடுங்க அம்மணி. இருக்கறத வெச்சிருங்க. அவருக்கு அதானே எழுதியிருக்குது" என்றார். மகள் சுவரோடு சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேன். அல்லது அவள் சொல்லாமலே நான் நின்றிருக்க வேண்டும். எத்துப்பல் செட்டை எடுத்து வைத்தேன். ஒரே அழுத்தில் சிக்கென்று உட்கார்ந்தது. உதடு அதன் பழைய இடத்துக்குத் தானாக ஏறிக்கொண்டது.

கதவைத் திறந்ததும் வரிசையாக வந்தார்கள். பெரும்பாலானோர் அழுதுகொண்டுதான் உள்ளே வந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் பலருக்கு அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்தது, உடனே அடக்கிக்கொண்டார்கள். "அப்படியே சிரிச்சுட்டே போயிருக்கறாரு பாருங்க, புண்ணியவான்" என்றார் ஒருவர். பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர் உரிக்காத தேங்காய் ஒன்றை அவர் காலடியில் வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அத்தனை பிரியமும் உண்மைதான். சாயங்காலம் ஆத்துப்பாலம் மின்மயானத்துக்கு அந்தப் பல்லோடுதான் எடுத்துப்போனார்கள்.

நேர்ப்பல் செட்டை மகள் என்னிடமே கொடுத்துவிட்டாள். வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றாள். கோபமாகச் சொன்னாளா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. சில மாதம் அதைத் திறக்காமலே வைத்திருந்தேன். போன வாரம் பழைய அச்சுகளை ஒழித்துக்கட்டலாம் என்று அலமாரியைக் கிளறியபோது, கடைசித் தடவை அண்ணன் வந்தபோது எடுத்த அச்சு கிடைத்தது. அவருடைய அண்ணம், தேய்ந்த ஈறு எல்லாம் பிளாஸ்டரில் அப்படியே இருந்தது. இழுப்பறையிலிருந்து செட்டை எடுத்தேன். அடியைச் சுரண்டினேன், மாவு கலந்து பூசினேன், அச்சின்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இறுகியதும் ஓரம் தேய்த்து மெருகேற்றினேன். இப்போது பிடித்து இழுத்தாலும் வராது, அத்தனை சரியாகப் பொருந்தியிருக்கிறது. டப்பாவில் போட்டு மூடிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். மொத்த வேலைக்கும் அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.